பிளக்-இன் வாங்கும் முன் கேஜ் பாருங்கள்!

சேலம் ஜங்ஷன் என்று பெயர்தானே தவிர, ஸ்டேஷன் இருப்பது சூரமங்கலத்தில். இங்கே கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே ஸ்டேஷன், இரண்டு விதத் தண்டவாளம். சென்னை - ஈரோடு வண்டி ஓடுவது 1,676 மி.மீ. அகலப்பாதை. விருத்தாசலம் வண்டி ஓடியது 1,000 மி.மீ. மீட்டர்கேஜ். இது அதில் ஏறாது, அது இதில் ஓடாது. ஆள் இறங்கி வண்டி மாற வேண்டும், சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வேண்டும். 2000-களில் விருத்தாசலம் பாதையும் அகலமான பிறகுதான் இந்தக் கூத்து ஓய்ந்தது.

ரயில்வே திருந்திவிட்டது. இசை மென்பொருள் கம்பெனிகள் மட்டும் இன்னும் திருந்தவில்லை!

பிளக்-இன் என்பது என்ன? கியூபேஸ், எஃப்.எல். ஸ்டுடியோ, லாஜிக் மாதிரி மென்பொருளுக்குள் சொருகும் குட்டி மென்பொருள். வயலின் ஒலியோ, குரலுக்கு எக்கோவோ அதுதான் தரும். தாய் மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பும், பிளக்-இன் அதை மாற்றித் திருப்பித் தரும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஆளுக்கொரு கேஜ். ஸ்டெயின்பெர்க் 1996-ல் கொண்டுவந்தது வி.எஸ்.டி. ஆப்பிளுக்கு ஏ.யூ. புரோ டூல்ஸ் விற்கும் ஆவிட் 2011-ல் கொண்டுவந்தது ஏ.ஏ.எக்ஸ்.

"எல்லாம் தொழில்நுட்பக் காரணம்" என்பார்கள். சும்மா. ஜூஸ் என்ற கருவியை வைத்து, ஒரே நிரலிலிருந்து வி.எஸ்.டி.3, ஏ.யூ., ஏ.ஏ.எக்ஸ். மூன்றையும் எடுக்கிறார்கள் பிளக்-இன் எழுதுகிறவர்கள். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். மாவு ஒன்றாக இருக்கும்போது தட்டை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? பி.காம். பாடத்தில் இதற்கு ஸ்விட்சிங் காஸ்ட் என்று பெயர். வாடிக்கையாளர் கடை மாற நினைத்தால், இதுவரை வாங்கியதெல்லாம் வீணாக வேண்டும். அப்புறம் அவர் எங்கே மாறுவார்?

2002-ல் நடந்ததைப் பாருங்கள். லாஜிக் அப்போது விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தயாரித்த எமாஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது, விண்டோஸ் பதிப்பை அதே வருடம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒன்று மேக் வாங்க வேண்டும், இல்லை வேறு மென்பொருளுக்கு ஓட வேண்டும். 2013-ல் புரோ டூல்ஸ் 11 வந்தபோது பழைய ஆர்.டி.ஏ.எஸ். பிளக்-இன்கள் வேலை செய்யவில்லை. ஸ்டெயின்பெர்க் மட்டும் யோக்கியமா? 2018-ல் வி.எஸ்.டி.2-க்கான நிரல் தொகுப்பைத் தருவதை நிறுத்தியது. 2022 ஜனவரியில், இனி தன் மென்பொருள்களில் வி.எஸ்.டி.2-க்கான ஆதரவே போகப்போகிறது என்று அறிவித்தது. நடுவில் 32 பிட், 64 பிட் சண்டை வேறு. 2019-ல் வந்த மேக் கேட்டலினா 32 பிட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டது. பத்து வருடம் முன்பு போட்ட பாட்டைத் திறந்தால், புல்லாங்குழல் இருந்த இடத்தில் 'பிளக்-இன் காணவில்லை' என்று வந்து நிற்கும் :(

பாலம் உண்டு. ஜே-பிரிட்ஜ் போட்டால் 64 பிட் மென்பொருளில் பழைய 32 பிட் பிளக்-இன் ஓடும். மூட்டை இறக்கி ஏற்றுவதேதான், கூலி மட்டும் நம் பாக்கெட்டிலிருந்து.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் பிட்விக், யூ-ஹி கம்பெனிகள் சேர்ந்து கிளாப் என்ற வடிவத்தை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டன. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2025-ல் ஸ்டெயின்பெர்க்கும் வி.எஸ்.டி.3-ஐ அதே உரிமத்துக்கு மாற்றியது. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்! கிளாப் இன்னும் எல்லா இடத்திலும் ஓடாது, லாஜிக் ஏற்பதில்லை. அதனால் இன்றைக்குக் கைக்காசு போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வி.எஸ்.டி.3 இருக்கிறதா என்று. கூடவே ஏ.யூ.-வும் கிளாப்பும் ஒரே விலையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் விற்பதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாமல் இருப்பது உத்தமம்.

சரி, அஞ்சு ரோடு பக்கம் ஒரு பையன் பழைய லேப்டாப்பில் எஃப்.எல். ஸ்டுடியோ வைத்து அம்மன் பாட்டுக்கு டிராக் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சென்னை ஸ்டுடியோவில் எல்லாம் மேக்கும் புரோ டூல்ஸும்தான் தம்பி, நீயும் அதையே வாங்கு" என்று யாராவது ஒரு அண்ணன் சொல்வார். வீட்டில் கடன் வாங்கித் தருவார்கள். தேவையே இல்லை. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, டெம்போவை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். வேவ் கோப்புக்கு கேஜ் கிடையாது. சென்னையில் எந்த மென்பொருளில் போட்டாலும் ஓடும். பாட்டு முடிந்ததும் அதே கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால், எந்தக் கம்பெனி எந்த வடிவத்தைக் கைவிட்டாலும் பையனின் புல்லாங்குழல் எங்கும் போகாது.