யாருடைய நிலத்தில் யாருடைய கழிவு?

ஏற்காடு மலையடிவாரத்தில் தெளிந்த நீராகப் புறப்படும் திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடந்து வெளியே வரும்போது ஆறாக இருப்பதில்லை. வீட்டுச் சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவு, கொலுசுப் பட்டறை அமிலம், சேகோ ஆலைகளின் புளித்த தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உத்தமசோழபுரம் வழியாக நாமக்கல் மாவட்டத்துக்குள் ஓடி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. மழை பெய்தால் பாலத்தடியில் நுரை பொங்கும். செய்தித்தாளில் படம் வரும். நுரை வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடும்.

இதற்குச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு என்கிறார்கள் சூழலியல் தோழர்கள். கழிவுநீரை முதலில் படிவுத் தொட்டியில் தேக்கிக் கசடை இறக்க வேண்டும். பிறகு நாணலோ கல்வாழையோ வளர்ந்த பாத்தியிலோ வயலிலோ அளவாகப் பாய்ச்ச வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பயிர் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் அதிகம் தேவையில்லை.

இது கற்பனையல்ல. பெர்லின் நகரம் 1876 முதல் தன் சாக்கடையை வயல்களில்தான் பாய்ச்சியது. மதுரை அவனியாபுரத்தில் வெள்ளைக்காரர் காலத்திலேயே சாக்கடைப் பண்ணை அமைத்துத் தீவனப்புல் வளர்த்தார்கள். காவிரிக்கு அக்கரையில், புகளூர் காகித ஆலையின் சுத்திகரித்த நீர் 1990களிலிருந்து புன்செய் நிலங்களுக்குப் போகிறது.

ஆனால் மண்ணுக்கும் எல்லை உண்டு. கன உலோகங்களை அது தின்னாது, சேர்த்து வைத்துக்கொள்ளும். பெர்லின் வயல்கள் கடைசியில் அப்படித்தான் நஞ்சாகின. சாயக்கழிவின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். அளவு மீறினால் கிணற்றில் நைட்ரேட் ஏறும். ஆகவே, பட்டறைக் கழிவைப் பட்டறையிலேயே தடுத்து, வீட்டுக் கழிவுநீரை மட்டும் நிலத்துக்கு அனுப்ப வேண்டும். இது அறிவியல். இதற்கு மேல் இருப்பது சாதி.

முதல் கேள்வி: எந்த நிலம்? நம் கிராமங்களில் மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் வழியும் என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சாக்கடையின் திசையையும் மாற்றச் சொல்வோம்.

இரண்டாவது: யாருடைய கை? ‘இயற்கை முறை’ என்றால் தானாக நடக்கும் என்று நினைக்கிறார்கள். தொட்டியில் கசடு சேரும், பாத்தி அடைத்துக்கொள்ளும், நாணலை அறுக்க வேண்டும். அதை யார் செய்வது? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும், 1993 முதலான அரசுக் கணக்கில் சாக்கடை மரணங்கள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு. வயலிலும் ஆபத்து உண்டு. சரியாகச் சுத்திகரிக்காத நீரில் வெறுங்காலோடு களையெடுக்கும் பெண்களின் பாதம் வழியாகவே கொக்கிப்புழு உடலுக்குள் போகும். பாசன நீரில் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்தச் சோதனையை யாருடைய காலுக்காக யார் செய்யப் போகிறார்கள்?

மூன்றாவது: யாருக்குப் பலன்? மானாவாரிக் கிழங்குக் காட்டுக்கு ஆண்டு முழுக்க உரச்சத்துள்ள தண்ணீர் கிடைப்பது சொத்து. நிலம் உள்ளவருக்குத் தண்ணீர், நிலமில்லாதவருக்குக் கசடும் புழுவும் என்றால், அது பழைய பண்ணையடிமைக் கணக்குதான். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அவற்றை மீட்டுத் தருவதும், சுத்திகரித்த நீரில் முதல் பங்கை அந்த நிலங்களுக்குத் தருவதும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள்.

“கழிவை எங்கள் பக்கம் தள்ளாதே, எந்திர நிலையம் கட்டு” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எந்திர நிலையமும் நம் தெருவோரத்தில்தான் வரும். மின்கட்டணம் கட்ட முடியாத பேரூராட்சியில் அது நின்றுபோனால், சுத்திகரிக்காத சாக்கடை மறுபடி நம் வாசலுக்கே வரும். மறுப்பதைவிட நிபந்தனை போடுவதே பலம்.

நம் நிபந்தனைகள் இவை: பாத்தியும் தொட்டியும் சேரிக்கு அருகிலோ பஞ்சமி நிலத்திலோ கூடாது. கசடை எந்திரமே அகற்ற வேண்டும். பராமரிப்பு வேலை எல்லாச் சாதியினருக்கும் நிரந்தரப் பணியாக, காலுறையோடும் காப்பீட்டோடும் இருக்க வேண்டும். நீர்ச் சோதனை முடிவு ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள். மார்ச் 22, உலக தண்ணீர் தினமும் அதில் ஒன்று. அன்றைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் ஊர்ச் சாக்கடை எங்கே போய் முடிகிறது?” பதில் சொல்பவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று பாருங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.