பெட்டி பேசக் கூடாது



நம் ஆலயத்தின் ஒலிபெருக்கிகளை மாற்றுவது பற்றி மேய்ப்புப்பணிச் சபையில் இரண்டு கூட்டங்களாக விவாதம் நடந்து வருகிறது. இளைஞர்கள் கொண்டுவந்த மாதிரிப் பெட்டிகள் ஆளுயரம். திருவிழாப் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பிறகு வாசகம் வாசித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "சுவாமி, முழக்கம் கேக்குது, சொல் விளங்கேல்லை" என்றார். அன்றிலிருந்து நான் அந்த அம்மாவின் பக்கம்தான். அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஓர் அன்பர், ஒலிக்கருவிகளில் பித்துக்கொண்டவர், என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சிறு பெட்டிகள் இரண்டைக் காட்டினார். ஒவ்வொன்றும் சப்பாத்துப் பெட்டியளவுதான். உயரம் 30 சென்ரிமீற்றர் இருக்கும். அவர் பாட்டுப் போடவில்லை. ஒருவர் நூல் வாசிக்கும் ஒலிப்பதிவைப் போட்டார். கண்களை மூடினேன், அறையில் மூன்றாவதாக ஒருவர் அமர்ந்திருந்தார்.

எல்எஸ் 3/5ஏ என்பது அதன் பெயர். 1970களில் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு வடிவமைத்தது. வெளியிட ஒலிபரப்பு வாகனங்களுக்குள் இருந்து ஒலியைக் கண்காணிக்கும் பொறியாளருக்குப் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. அவருக்காகவே இது பிறந்தது. பின்னர் உரிமம் பெற்ற நிறுவனங்கள் செய்து விற்க, வீடுகளுக்கும் வந்தது.

பிபிசி பொறியாளர்களின் முதன்மையான உரைகல் மனிதக் குரல். ஒருவரைப் பேசவைத்து, அதே குரலைப் பெட்டியின் வழியாகவும் கேட்டு ஒப்பிட்டார்கள். வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் இருவர் முரண்படலாம். தாயின் குரல் மாறினால் குழந்தையே சொல்லிவிடும்.

குரலைக் கெடுப்பதில் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும் காற்றளவு பின்னேயும் தள்ளுகிறது. பலகைகள் அதிர்கின்றன. அதிரும் பலகை தானே ஒரு ஒலிபெருக்கியாகி, யாரும் பேசாத ஒன்றைப் பேசத் தொடங்குகிறது. குரலில் மூக்கடைப்புப் போன்ற சாயல் ஏறுகிறது. பருத்த பலகை போட்டால் தீரும் என்றே நாம் எண்ணுவோம். அவர்களோ 12 மில்லிமீற்றர் பேர்ச் ஒட்டுப்பலகையை எடுத்து, உட்புறத்தில் தார் தகடுகளை ஒட்டினார்கள். மெல்லிய பலகையின் அதிர்வைத் தார் எளிதில் விழுங்கும். பருத்த பலகையின் அதிர்வை அடக்குவது கடினம். உள்ளே மூலைச் சட்டங்களுக்குப் பீச் மரம். அதற்குப் பதிலாகப் பரானா பைன் மரத்தை வைத்தபோது ஒலி கெட்டது! எவர் கண்ணிலும் படாத ஒரு சட்டத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்தினார்கள்.

இத்தனை நேர்மையிலும் ஒரு சிறு தந்திரம் உண்டு. இவ்வளவு சிறிய பெட்டியால் ஆழ்ந்த தாழொலியைத் தர இயலாது. ஆகவே அதற்குச் சற்று மேலுள்ள பகுதியை இலேசாகத் தூக்கி, தாழொலி இருப்பதுபோல் காதை நம்பவைக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் நான் இதை மன்னித்துவிடுவேன்.

(இன்னொன்று. அந்தப் பொறியாளர்களில் ஸ்பென்சர் ஹியூஸ் தொடங்கிய நிறுவனம் ஸ்பெண்டோர். ஸ்பென்சர், அவர் மனைவி டோரதி ஆகிய பெயர்களின் இணைப்பு. டட்லி ஹார்வுட்டின் ஹார்பெத்திலும் அவர் மனைவி எலிசபெத் இருக்கிறார். திருமண ஆயத்த வகுப்பில் சொல்வதற்குக் குறித்து வைத்திருக்கிறேன்.)

இவற்றின் இன்றைய விலையைக் கேட்டபோது எனக்கு வருத்தமே வந்தது. ஒரு சோடி இரண்டாயிரம் பவுணைத் தாண்டுகிறது; காரின் விலைக்கு விற்கும் ஒலிபெருக்கிகளும் உள்ளன. அந்தப் பணத்தின் ஒரு பகுதி பளபளக்கும் மரத்துக்கும் அயலாரின் வியப்புக்குமே போகிறது என்பது என் எண்ணம். செய்பவனின் பொறுமையை மதிக்கிறேன். வாங்குபவனின் பெருமையை அவ்வளவாக அல்ல.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி இருந்த ஆண்டுகள் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, தைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்து, தமிழோசைச் செய்தியைக் கேட்டோம். அந்த வானொலியில் உள்ளங்கையளவுக் கூம்பு. தாழொலி கிடையாது, இரைச்சலோ ஏராளம். எனினும் எந்த ஊரில் குண்டு விழுந்தது என்ற பெயர் தவறாமல் விளங்கியது. சொல்லைத் தாங்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் மேலொலிகளில் வாழ்கின்றன. உயர்ந்த கூரையும் கல் சுவரும் கொண்ட நம் ஆலயத்தில் தாழொலியைப் பெருக்கினால், அது எதிரொலித்துத் தங்கி அந்த மெய்களை மூடிவிடும். முழக்கம் மட்டும் மிஞ்சும்.

அதற்காக அன்பரின் சிறு பெட்டிகளை ஆலயத்தில் மாட்டவும் முடியாது. அவை சிறு அறைக்கானவை. உரத்து ஒலிக்கச் செய்தால் திணறும். நமக்கு உகந்தவை ஒலியைக் கூரைக்கு அனுப்பாமல் வாங்குகளில் இருப்போரை நோக்கிச் செலுத்தும் மெல்லிய தூண் வடிவ ஒலிபெருக்கிகள். பார்வைக்கு எளியவை, திருவிழாப் படங்களில் எடுப்பாகத் தெரியமாட்டா.

எனினும் என் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், வாசகர் ஒருவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவோம். அருகே முதலில் ஆளுயரப் பெட்டி, அடுத்துத் தூண் பெட்டி. அதே வாசகம், ஒருமுறை நேரடிக் குரலில், ஒருமுறை பெட்டி வழியாக. பாடகர் குழுவினர் பொறுத்தருள்க. அன்று பாடல் இல்லை. பின்வரிசையில் மூதாட்டிகள் அமர்வார்கள். எது விளங்கியது என்று அவர்கள் கைதூக்கிய பிறகே காசோலையில் கையொப்பமிடுவேன்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை