கரையிழந்த பாலம்

வருசநாட்டு மலைகளில் பிறந்து இறங்கும் வைகையை ஒட்டி அமைந்த ஊர் கடமலைக்குண்டு. பாலம் நிற்க இரு கரையும் வேண்டும் என்பது ஆற்றங்கரை மக்கள் அனைவரும் அறிந்த உண்மை. ஒரு கரையை வெள்ளம் அரித்துக்கொண்டு போனபின் எஞ்சி நிற்பது பாலமன்று, வெறுங்கல். இவ்வுண்மையை இணையத்தின்முன் அமர்ந்திருக்கும் தமிழ் இளைஞர் இன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இணையம் பல நாட்டாரையும் பல பண்பாட்டாரையும் ஒன்றுசேர்க்கும் பாலம் என்கின்றனர். மெய்தான். கடமலைக்குண்டில் இலவங்காய் பறிக்கும் உழவரின் மகன் கோலாலம்பூரிலும் பாரிசிலும் வாழும் தமிழரோடு நொடிப்பொழுதில் உரையாடலாம். ஆனால் அவன் எவ்வெழுத்தில் உரையாடுகிறான்? ஆங்கில எழுத்தில்! தமிழனும் தமிழனும் பேசிக்கொள்ள அயலெழுத்து இடைத்தரகு செய்கிறது. இதனினும் இழிவு வேறுண்டோ?

ஆங்கில எழுத்தில் லகர ளகர ழகரங்களுக்குத் தனித்தனி வடிவமில்லை. ரகர றகர வேறுபாடில்லை. குறிலும் நெடிலும் மயங்கும். மனம், மணம், மானம் என்னும் மூன்று சொற்களும் அங்கே ஒரே எழுத்துக்கோவையாகி விடுகின்றன. மானத்திற்கு எழுத்தில்லாத மொழியில் தமிழன் தன் மனத்தை எங்ஙனம் உரைப்பான்?

கருவியில்லை என்று சொல்ல வழியில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்னும் கணினி மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழ்ப் பாக்களை இணையத்தில் ஏற்றினார். 'இணையம்' என்ற சொல்லே அவர் தந்தது என்பர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலியோர் 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை ஊதியம் கருதாது உலகுக்கு வழங்கினர். 1999-இல் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்து இடப்புறம், மெய்யெழுத்து வலப்புறம். தொல்காப்பியர் வகுத்த உயிர்மெய் முறையே விரல்நுனிக்கு வந்துவிட்டது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. கடல் கடந்த தமிழர் இவற்றுள் பலவற்றைச் செய்துதர, தாய்மண்ணில் வாழ்வோர் கைப்பேசியில் விலையின்றிக் கிடைக்கும் தமிழ் விசையைத் திறந்தும் பாராமல் இருப்பது எத்தகைய மடமை!

"ஆங்கில எழுத்தே விரைவு, உலகோடு பேச ஆங்கிலம் வேண்டுமன்றோ?" என்பர் சிலர். உலகோடு பேச ஆங்கிலம் கற்க, எவரும் தடுக்கவில்லை. ஆனால் தாயோடும் தங்கையோடும் பேசவுமா அயலெழுத்து? விரைவு பழக்கத்தால் வருவது. பழகாதவனுக்கு எவ்வெழுத்தும் இடறும்.

கொரியரைப் பாருங்கள். அவர்கள் தம் மொழியில் பாடுகின்றனர். தம் எழுத்தில் எழுதுகின்றனர். உலகத்து இளைஞர் அவ்வெழுத்தைத் தேடிக் கற்கின்றனர். தன் முகத்தோடு வருபவனையே அயலான் மதிப்பான். மேலும், 2011 முதல் கூகுள் மொழிபெயர்ப்புப் பொறி தமிழையும் ஏற்கிறது. இத்தகைய பொறிகள் மக்கள் எழுதிக் குவித்ததைக் கொண்டே மொழியைக் கற்கின்றன. நல்ல தமிழில் எழுதினால் நல்ல தமிழ் கற்கும். குப்பையைக் கொட்டினால் குப்பையையே திருப்பித் தரும். எனவே தமிழில் எழுதும் ஒவ்வொரு வரியும் பிறநாட்டார் தமிழரை அறியும் வாயிலாகும்.

மொரிசியசு, இரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று பெயரால் மட்டுமே தமிழர். அவர் நாவில் வாழ்வது கிரியோல். அவர்மேல் குற்றமில்லை. இடையே கடல் இருந்தது. தோட்டத்துரையின் கொடுமை இருந்தது. தாய்மொழிப் பள்ளி அரிதாயிருந்தது. வைகைக் கரையில், தமிழ்ப் பள்ளியில் பயின்று, தமிழ் விசை கையிலிருந்தும் எழுத்தைத் துறப்பவன் எதைக் காரணம் காட்டுவான்?

தமிழ் இளைஞரே! இன்றே கைப்பேசியில் தமிழ் விசையை நிறுவுங்கள். முகநூலிலும் புலனத்திலும் உங்கள் பெயரை, ஊர்ப்பெயரைத் தமிழில் பொறியுங்கள். தமிழரோடு தமிழில் மட்டுமே எழுதுங்கள். ஞாலம் முழுதும் பாலம் அமையட்டும். ஆனால் இக்கரை தமிழ்க்கரையாக நிற்கட்டும்!