காவல் நிலையப் பதிவேடு மக்களுக்கும் உரியது

‘விசாரணை நிலுவையில் உள்ளது, எனவே பிரிவு 8(1)(எச்)-இன்படி தகவல் வழங்க இயலாது.’ காவல்துறையிடம் தகவல் கேட்டு விண்ணப்பித்த பலருக்கும் ஏறக்குறைய இதே வாசகத்தில்தான் பதில் வருகிறது. திருட்டுப்போன இருசக்கர வாகனம் பற்றிய புகார் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கும் இதே பதில். அடிதடி வழக்கு எந்தத் தேதியில் முடித்துவைக்கப்பட்டது என்று கேட்டவருக்கும் இதே பதில். விசாரணையே தொடங்காத மனுவுக்குக்கூட ‘விசாரணை நிலுவை’ என்று எழுதி அனுப்புகிறார்கள். இந்த வழக்கத்தைத் தமிழக அரசு உடனே நிறுத்த வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் அந்தப் பிரிவு சொல்வது வேறு. தகவலை வெளியிட்டால் புலன்விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ, வழக்கு நடத்துவதற்கோ இடையூறு நேரும் என்றால் மட்டுமே மறுக்கலாம். விசாரணை நடக்கிறது என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது. தகவல் எப்படி இடையூறாகும் என்பதை அதிகாரி விளக்க வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதற்குப் பிறகும் காரணம் எழுதாத ஒற்றை வரி மறுப்புகள் நின்றபாடில்லை. மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்தப் பெருமைக்கு இந்தக் கடிதங்கள் அழகல்ல.

சில ஆவணங்களுக்கு ஆர்.டி.ஐ. மனுவே தேவையில்லை. புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆவது பிரிவு. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை நீங்கலாக, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவரும் விண்ணப்பித்து நகல் பெறலாம். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்தான்.

நடைமுறையோ வேறு. மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதே பெரும்பாடு. ‘இன்ஸ்பெக்டர் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க’ என்கிறார் ரைட்டர். மறுநாள் போனால் ரைட்டர் கோர்ட் டூட்டிக்குப் போயிருப்பார். கணவரை விபத்தில் பறிகொடுத்தவர் இழப்பீட்டு வழக்குக்காக எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு அலைவது அந்தக் குடும்பத்துக்கு இழைக்கப்படும் இரண்டாவது கொடுமை. விபத்து ஆவணங்களை இணையத்திலேயே பெறும் வசதியைத் தமிழகக் காவல்துறை செய்திருக்கிறது, பாராட்டுகிறோம். ஆனால், கையில் வழக்கு எண் கொண்ட ஒரு தாள்கூடக் கொடுக்காமல் அனுப்பப்பட்டவர் எந்தத் தளத்தில் எதைத் தேடுவார்?

எல்லாவற்றையும்விட அவசரமானது சி.சி.டி.வி. பதிவு. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்த சில நாள்களில் கோவில்பட்டியில் இறந்தார்கள். அந்த நிலையத்துக்கு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையை இன்று படித்தாலும் மனம் கொதிக்கிறது. நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஹார்ட் டிஸ்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த இரவின் காட்சி எதுவும் மிஞ்சவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல் முதல் லாக்-அப் வரை கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே, ‘பழைய பதிவு அழிந்துவிட்டது’ என்று சில வாரங்களிலேயே பதில் வந்தால் அது நீதிமன்ற உத்தரவை மீறியதற்கான ஒப்புதல் வாக்குமூலம். நிலையத்தில் தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ கொடுமை நேர்ந்ததாகக் கருதுபவர் அன்றே எஸ்.பி. அலுவலகத்துக்கு, தேதியும் நேரமும் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதிவிட வேண்டும். நகல் கேட்கும் மனு பின்னால் போகலாம்.

காவல்துறை தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. துப்பு கொடுத்தவரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது. வழக்கு டைரியை யார் வேண்டுமானாலும் புரட்டும் நிலையும் கூடாது. இவற்றையெல்லாம் சட்டம் ஏற்கெனவே பாதுகாக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தர ஆர்.டி.ஐ. சட்டத்தின் 10-ஆவது பிரிவு வழி சொல்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு பெயரை மறைக்க வேண்டியிருப்பதற்காகக் கட்டு முழுவதையும் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட விவரம் என்று சொல்லியே மறுக்க இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. இனி அந்த எண்ணும் கடிதங்களில் பெருகும் என்று அஞ்சுகிறோம். பொதுநலன் மேலோங்கினால் விலக்கு அளிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது என்பதை அதிகாரிகளும் மனுதாரர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. 8(1)(எச்)-ஐக் காட்டி மறுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும், கேட்ட தகவல் எந்த வகையில் விசாரணைக்கு இடையூறு என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நியாயமான காரணமின்றித் தகவலை மறுக்கும் அலுவலரிடம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் வசூலிக்க மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எச்சரித்து விடுவதை ஆணையம் கைவிட்டு, சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

மனு எழுதும் வாசகர்களுக்கு: ‘என் புகார் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். விளக்கம் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மனு எந்த எண்ணில் பதிவானது, யாரிடம், எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்று கேளுங்கள். அதன்மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகலையும் விசாரணை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் மாறிப்போனாலும், ஐந்து நாள்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் தர 30 நாள் கெடு. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். மறுப்புக் கடிதம் வந்தாலும், எந்தப் பதிலும் வராமல் கெடு முடிந்தாலும், அதற்கடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் இல்லை.