பந்தயப் படகில் கணினிக்கு எல்லை வகுக்கக் கோரும் மனு

பெறுநர்: பந்தய விதிக் குழுவினர், வேர்ல்ட் செய்லிங், லண்டன்.

அனுப்புநர்: நெடுங்கடல் பாய்மரப் பந்தய வீரர், வீராங்கனையர் சங்கச் செயற்குழு.

பொருள்: பாய்மரப் பந்தய விதிகள் 52, 41 ஆகியவற்றைத் திருத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

பாயை இயக்கும் கயிறுகளையும் நீருக்கடியில் அசையும் உறுப்புகளையும் படகிலுள்ளோரின் உடல் வலுவால் மட்டுமே இயக்க வேண்டும் என்கிறது 52ஆம் விதி. முடிவெடுப்பது யார் என்பதைப் பற்றி அது பேசவில்லை. இன்று உணரி காற்றை அளக்கிறது, மென்பொருள் கணக்கிடுகிறது, ஹைட்ராலிக் விசை ஃபாயிலை, அதாவது படகைத் தூக்கி நிறுத்தும் நீரடிச் சிறகை, அசைக்கிறது. இடையில் மனிதர் இல்லாமலே இவ்வளவும் நடக்க முடியும். 2021இல் ஆக்லாந்தில் நடந்த அமெரிக்கா கோப்பையில் ஏசி75 படகுகளின் ஃபாயில் கரங்களை ஏற்றி இறக்கியது பேட்டரி. உடல் வலு என்ற வேலியே அங்கு தளர்ந்துவிட்டது. முடிவெடுக்கும் உரிமையும் கைநழுவிப் போனால் பந்தயம் மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையிலானதாகிவிடும்.

கணினியே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. வெண்டீ குளோப் பந்தயத்தில் ஒருவரே இரண்டு மாதங்களுக்கு மேல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றுகிறார். அவர் உறங்கியாக வேண்டும். தானியங்கிச் சுக்கான் அவருக்குத் தேவை. அந்தப் பந்தயத்தில் ஓடும் இமோகா வகுப்பு இதைச் சரியாகவே கையாள்கிறது: கணினி சுக்கானைப் பிடிக்கலாம், ஃபாயிலைத் தானாகத் திருத்தக் கூடாது. காற்றையும் வேகத்தையும் கருவி சொல்லட்டும். பாயையும் ஃபாயிலையும் எப்போது மாற்றுவது என்பதைப் படகோட்டி தீர்மானிக்கட்டும். இந்த வரம்பை 52ஆம் விதியிலேயே எழுதி எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

வெளியுதவி பற்றிய 41ஆம் விதி, எல்லாப் படகுகளுக்கும் தாராளமாகக் கிடைக்கும் தகவலை அனுமதிக்கிறது. அது நியாயமே. ஆனால் அதே வானிலைத் தரவைக் கரையிலுள்ள கணினி அலசி, ஒரு படகுக்கென வழி வகுத்து அனுப்புவது வெளியுதவிதான். செயற்கை நுண்ணறிவு செய்தாலும் அதுதான். படகோட்டி தம் படகிலுள்ள கணினியில் வழி பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். பந்தயம் முடிந்ததும் படகின் தகவல் தொடர்புப் பதிவுகளைச் சோதிக்க, மென்பொருள் அறிந்த அளவீட்டாளர்களை நியமிக்க வேண்டும். அந்தச் செலவைச் சிறு அணிகளின் தலையில் கட்டலாகாது.

எந்தத் திருத்தமும் உயிர்காக்கும் கருவிகளைத் தொடக் கூடாது. 2018 கோல்டன் குளோப் பந்தயம் செக்ஸ்டன்ட் கொண்டு வழியறியும் பழைய முறைப் பந்தயம். அதில்கூட, தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி, தம் நிலையைச் செயற்கைக்கோள் வழியாகத்தான் தெரிவித்தார். மீட்புக் கப்பல் அவரைத் தேடி வந்தது. அவசர சமிக்ஞைக் கருவி, கப்பல் அடையாளக் கருவி ஆகியவற்றுக்கு முழு விலக்கு வேண்டும்.

2025–2028 விதிநூல் நடப்பில் உள்ளது. அடுத்த பதிப்பு வரை காத்திராமல் இவற்றை இடைக்காலத் திருத்தமாக வெளியிடவும், அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கச் செயற்குழுவினர்