மரபணுவைத் தீண்டாத ஊசி

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி காசிமேட்டு ஜனங்களின் மரபணுவையே மாற்றிவிட்டது என்று வாதிக்கும் நண்பர், 2020-இல் கொரோனா உக்கிரமாய்ப் பரவிய, காசிமேட்டை ஒட்டிய ராயபுரத்தில் பின்னர்ப் பெரும்பாலும் போடப்பட்டவை அவ்வகையைச் சாராத கோவிஷீல்டும் கோவாக்சினுமே என்னும் பிரத்தியட்ச உண்மையைக்கூட விசாரித்தறியவில்லை. எண்ணூர்ப் புகையில் ஏற்கெனவே மூச்சுத் திணறும் முதியவர்களை இப்படிப் பீதியடையச் செய்வது பெரும் அநியாயம்.

எம்.ஆர்.என்.ஏ. ஊசியே போடப்பட்டிருந்தாலும் நண்பரின் அச்சம் நிராதாரமானதே. நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் பொதிந்து வரும் அந்த ஆர்.என்.ஏ., மரபணு உறையும் உட்கருவுக்குள் பிரவேசியாமல், உயிரணுவில் அதற்கு வெளியேயுள்ள பகுதியிலேயே நின்று, கிருமியின் முள்புரதத்தைச் செய்வித்துச் சில தினங்களில் சிதைந்துபோகிறது. அந்தப் புரதத்தை அக்குளின் நிணநீர்க் கணுக்களில் இனங்கண்டே பி அணுக்கள் எதிர்ப்பொருள் சுரக்கவும், டி அணுக்கள் நோயுற்ற உயிரணுக்களை அழிக்கவும் பழகுகின்றன. ஊசிக்குப்பின் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது அந்தப் பயிற்சியின் அடையாளம்.