கையில் இருப்பதைப் பிடுங்காதீர்கள்

1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது வ.உ.சி.யோடு சேர்ந்து மேடைகளில் முழங்கிய சுப்பிரமணிய சிவாவுக்கு அப்போது வயது 23. அந்தப் பேச்சுக்காகச் சிறைக்குப் போனவர், 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைத் தீர்க்கும் மருந்து இல்லாத காலம். தொற்றிவிடும் என்று ரயிலில் ஏற்றவும் மறுத்தார்கள். புண்களைத் துணியால் மூடிக்கொண்டு மாட்டு வண்டியில் போனார், நடந்தும் போனார். 1913-இல் ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார். தருமபுரி அருகே பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட விரும்பி, 1923-இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். கோயில் எழும்புவதைப் பார்க்காமலே 1925 ஜூலை 23-இல் அங்கேயே இறந்தார்.

நோயாளிகள் எல்லோரும் சிவாவாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வலியில் கிடப்பவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் ‘நீங்க பேசாம படுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று நாம் அன்பாகச் சொல்லும்போதே, வீட்டுக் கணக்கு, கல்யாணப் பேச்சு, பேரப்பிள்ளையின் பாடம் என்று ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். நோயைவிட இது சிலரைச் சீக்கிரம் சாய்த்துவிடுகிறது என்பது என் எண்ணம். காலமெல்லாம் வலையோடு இருந்த மனிதர் கிழிந்த வலையை மடியில் போடச் சொன்னால் போடுங்கள். நாலு கண்ணி பின்னியதும் அசந்து தூங்கிவிட்டாலும், மிச்சத்தை நீங்கள் பின்னி முடிக்காதீர்கள். நாளைக்கு அவரே பின்னட்டும்.